சுவரில் இருக்கும் வெள்ளவத்தை

பாமன்கடை, கொழும்பு 6
2.8.1998, ஞாயிறு

அன்புக்குரிய பத்மா அக்காவுக்கு,

தங்கை நேசம் எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றப்படி நான் சுகம். நீங்களும் குலேந்திரனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்கிறேன். ரொறன்ரோவில் இப்போது நல்ல வெயில் என்று குலேந்திரன் போனில் சொன்னான். உங்களுக்கு அது பிடிக்கும்.

இந்தக் கடிதத்தைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கடைசி வரி வரை வாசித்த பிறகு என்னை ஏசலாம். நடுவில் ஏசத் தொடங்கினால் விஷயம் விளங்காது, இரத்த அழுத்தம்தான் ஏறும். முப்பது வருஷம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவள் சொல்கிறேன்.

வெள்ளவத்தை வீட்டை விற்பதற்கு நீங்கள் கையெழுத்து வைத்து அனுப்பிய அற்றோணிக் கடதாசி போன மாதமே கிடைத்தது. அடுக்குமாடி கட்டப் போகிறவர் இரண்டு தரம் வந்து பார்த்தார். செப்ரெம்பர் முப்பதாம் திகதி நொத்தாரிசின் முன்னால் காரியத்தை முடிப்போம் என்றார். அதற்குள் வீட்டை வெறுமையாக்கிக் கொடுப்பதாக நானும் தலையாட்டினேன். அப்படி வெறுமையாக்கப் போன இடத்தில்தான் இவ்வளவும் வந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்த முன்பக்கத்துக்குக் குலேந்திரன் கூரை போட்டு, ஒரு புடைவை வியாபாரிக்குச் சாமான் அடுக்க வாடகைக்கு விட்டிருந்தான் அல்லவா. அவர் தை மாதம் போய்விட்டார். பின்னறைச் சுவர் முழுக்க அவர் அடித்த பலகைத் தட்டுகள் அப்படியே கிடந்தன. பக்கத்து வீட்டு நஸீறாவின் மகன் நிலாம் இரண்டு ஆட்களோடு வந்து அவற்றைக் கழற்றினான். நீங்கள் போகும்போது நிலாமுக்குப் பதினேழு வயது. இப்போது காலி வீதியில் சொந்த இரும்புக்கடை, மூன்று பிள்ளைகள், தலையில் பாதி முடி. தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மண்ணிறக் கடதாசியை இழுத்தான். அது ஒரே இழுவையில் முழுதாய்க் கழன்று வந்தது.

அக்கா, அத்தானின் வெள்ளவத்தை அப்படியே இருக்கிறது!

பெரிய தாள் கிடைக்கவில்லை என்று மனுசன் சுவரில் பென்சிலால் கீறத் தொடங்கிவிட்டார், வெள்ளையடித்த சுவரைப் பாழாக்குகிறார் என்று நீங்கள் அந்தக் காலத்தில் எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதே படம். அந்த அறைக்கு நெருப்பு வரவில்லை. தரையிலிருந்து அவருடைய கை எட்டும் உயரம் வரைக்கும் கீறியிருக்கிறார். வடக்கே வாய்க்கால், மேற்கே ரயில் பாதை, அதற்கப்பால் கடல், தெற்கே தெஹிவளைப் பக்கம், கிழக்கே நான் இப்போது குடியிருக்கும் பாமன்கடை. ஒவ்வொரு வீடும், கடையும், கிணறும், மாமரமும் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயர். படவரைஞர் வேலை பார்த்தவரின் கை என்பதால் ஒரு எழுத்துக்கூடச் சாயவில்லை. நடு நடுவே குறிப்புகள் வேறு. ஓரிடத்தில் "இங்கே முன்பு குதிரை லாயம்" என்று இருக்கிறது. இன்னொரு வீட்டுக்குப் பக்கத்தில் "நாய் கடிக்கும்" என்று இருக்கிறது. அதை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் நிலாம் தண்ணீர் கொண்டுவர ஓடினான். கீழே மூலையில் அவருடைய கையெழுத்தும் 1979 என்ற ஆண்டும் உண்டு.

நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நிலாம் தன் வாப்பாவின் வாப்பாவுடைய பழைய கடையைக் கண்டுபிடித்துவிட்டுக் குதித்தான். தாயைக் கூப்பிட்டு வந்தான். நஸீறா வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கவில்லையோ தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டை ஒரு நூதனசாலையாக்க வேண்டும், பழம்பொருட்களைச் சனம் வந்து பார்க்கிற இடமாக. சிரிக்க வேண்டாம். கறுவாத்தோட்டத்தில் இருப்பது மாதிரிச் சிங்காசனமும் வாளும் வைக்க அல்ல. இந்த ஊருக்கு, இந்த ஊர்ச் சனத்துக்கு, சின்னதாக ஒன்று. வீடும் சாதாரண வீடா? எண்பது வருஷத்துக்கு முன்னம் ரயில்வேயில் இருந்த ஒரு பறங்கி என்ஜினியர் கட்டிய வீடு. பராமரிப்பைத் தானும் கடைக்காரர் சிலரும் பார்த்துக்கொள்வதாக நிலாம் சொல்கிறான். சுவரைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோகலாமா என்று மேசனிடம் கேட்டோம். தொட்டால் சாந்து பொடியாகக் கொட்டும் என்றான். ஆகவே வீடு போனால் படமும் போகும்.

இருபத்து மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் கதவைத் திறந்து, சனம் வருமா என்று பார்க்கப் போகிறோம். விற்கவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கடதாசி என் அலுமாரியில் பூட்டி இருக்கிறது, நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

இனி ஏசுங்கள்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
நேசம்


பாமன்கடை, கொழும்பு 6
24.8.1998, திங்கள்

அன்புக்குரிய பத்மா அக்காவுக்கு,

உங்கள் பதில் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நாலே வரி. "அந்தக் குப்பைதான் அவரைக் கொண்டுபோனது. என்னை வான் வண்டியில் ஏற்றிவிட்டுக் குப்பையை எடுக்க உள்ளே போன மனுசன். வீட்டைத் திறக்காதே. விற்றுவிடு." சுகம் விசாரிக்கவும் இல்லை, கீழே பெயரும் எழுதவில்லை. மூன்று தரம் வாசித்தேன். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலையில் போய் வீட்டைத் திறந்தேன்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்தது. பிழைதான், மழுப்ப மாட்டேன். ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் அதைவிடப் பெரிய பிழையாகிவிடும். பேனை ஓடுகிற ஓட்டத்துக்கு எழுத்து கோணலாக விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரைக்கு கேற்றைத் திறந்தோம். வருகிறவர்கள் பெயர் எழுதட்டும் என்று நிலாம் வாசலில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, புதுக் கொப்பி ஒன்றும் வைத்தான். கதிரையில் நான். பெயர், விலாசம், திகதி என்று கோடு போட்டு முடிக்கவில்லை, ஒழுங்கை முனையிலிருந்து சனம் வரத் தொடங்கிவிட்டது. ஐந்து, பத்து, முப்பது. ஒருவர் பின்னால் ஒருவராக மதிலோரம் வரிசை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வெள்ளவத்தைச் சனத்துக்கு நூதனசாலை என்றால் இவ்வளவு ஆசையா என்று நிலாமைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

முதலில் நின்றவர் சிவபாதசுந்தரம் என்று ஒருவர், வவுனியாவிலிருந்து வந்து பக்கத்து லொட்ஜில் இரண்டு மாதமாக இருக்கிறவர். மேசையில் அடையாள அட்டையை வைத்தார். அதன் மேல் லொட்ஜ்காரரின் கடிதத்தை வைத்தார். அதன் மேல் இரண்டு போட்டோப் பிரதி. பிறகு மிகவும் பணிவாக, அம்மா, கிராமசேவகற்றை கையெழுத்தும் வேணுமோ என்று கேட்டார்.

அக்கா, எல்லாரும் பொலிஸ் பதிவு என்று நினைத்து வந்திருக்கிறார்கள்! உங்கள் காலத்தில் இது இல்லை. இப்போது வடக்கிலிருந்து வருகிற நாங்கள் ஒவ்வொருவரும் பொலிஸில் பெயர் கொடுத்து, ஏன் வந்தோம், எத்தனை நாள் நிற்போம் என்று பதிய வேண்டும். பதிவுத் துண்டு இல்லாமல் சோதனைச் சாவடியில் அகப்பட்டால் அன்றைய பொழுது போச்சு. ஆகவே வாசலில் ஒரு மேசையும் கோடு போட்ட கொப்பியும் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள், அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். நானே இரண்டு தரம் அப்படி நின்றிருக்கிறேன், ஒருதரம் அது கூப்பன் கடை வரிசை.

இது நூதனசாலை என்று சிவபாதசுந்தரத்துக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அப்ப நாளைக்கு வரட்டோ என்று மெல்லக் கேட்டார். நான் கதிரையில் ஏறி நின்று (முழங்காலோடுதான்) இங்கே பதிவு இல்லை, ஒரு படம் இருக்கிறது, வந்தது வந்தீர்கள் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கத்தினேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். முக்கால்வாசிப் பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, லொட்ஜ் அறையில் போய் என்ன செய்வது?

பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டோம். முதலில் கைகட்டி நின்றார்கள். பிறகு யாரோ ஒருவர் தன் பெரியப்பா இருந்த வீட்டைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், அறை சந்தை மாதிரியாகிவிட்டது. விரல் வைக்க வேண்டாம், விரல் வைக்க வேண்டாம் என்று கத்தி என் தொண்டை போய்விட்டது. சிவபாதசுந்தரம் தன் லொட்ஜ் எங்கே என்று தேடினார். அந்த இடத்தில் அத்தான் ஒரு மாமரம்தான் கீறியிருக்கிறார். இரண்டு மாதமாய் மாமரத்திலையோ படுக்கிறன் என்று அவர் சொல்ல, சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு எங்கள் சனம் ஓரிடத்தில் கூடிச் சத்தமாகச் சிரித்ததை நான் கொழும்புக்கு வந்து மூன்று வருஷத்தில் கேட்கவில்லை.

அந்தச் சத்தம்தான் வினையாகிவிட்டது. பத்தரை மணிபோல ஒரு பொலிஸ் சார்ஜனும் இரண்டு பேரும் வந்தார்கள். மொகத மே, என்ன இது என்று கேட்டுக்கொண்டே சார்ஜன் நேரே பின்னறைக்கு வந்தார். சனம் சுவரோரம் ஒதுங்கியது. அவர் படத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில் பாதை, வாய்க்கால் பாலம், பொலிஸ் நிலையம் எல்லாம் அளவு பிசகாமல் சுவரில் இருக்கின்றன. அதுவும் ஒரு தமிழ் வீட்டில், இந்தக் காலத்தில், அறைக்குள்ளும் வெளியிலுமாக நாற்பது தமிழர் நிற்கிறார்கள். மூன்று கிழமையாக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒருதரமும் தோன்றவில்லை. என்னைப்போல் மடைச்சி இருப்பாளா!

யார் கீறியது, எதற்கு என்று சார்ஜன் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக்கடைக்குத்தான் போதும். நிலாம் ராளஹாமி, ராளஹாமி என்று சார்ஜனை மரியாதையாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லப் பார்த்தான், அவனுக்கும் வாய் குழறியது. சார்ஜன் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். மற்றவர்களையும் ஒருவரும் வெளியே போக வேண்டாம் என்றார். சிவபாதசுந்தரத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னை நம்பி உள்ளே வந்த மனுசன்.

அப்போது நஸீறா வந்தாள். வெளி ஆண்கள் முன்னால் வந்து பேசாத நஸீறா. ஒரு தகரப் பெட்டியை நிலத்தில் இழுத்துக்கொண்டு வந்து, சார்ஜனின் காலடியில் வைத்துத் திறந்தாள். சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விளங்கியது. இராசரத்தினம் மாத்தயா என்று அத்தானின் பெயரைச் சொன்னது விளங்கியது. கின்தர, நெருப்பு என்றது விளங்கியது. தாப்பய, மதில் என்றது விளங்கியது.

பிறகு அவளுடைய குசினியில் உட்கார்ந்து, அவள் தமிழில் சொல்லக் கேட்டதை உங்களுக்கு எழுதுகிறேன். பக்கத்தில் குலேந்திரன் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்த வருஷம் ஆவணி மாதம் அத்தான் முன் ஹோலில் ஊர்ப் பொருட்கள் வைத்து ஒரு கண்காட்சி நடத்த இருந்தார். அது உங்களுக்குத் தெரியும். அதற்காக அயலட்டையில் ஒவ்வொருவரிடமும் பொருள் இரவல் வாங்கி, உரியவர் பெயரை ஒரு துண்டு மட்டையில் எழுதி நூலால் கட்டி வைத்திருந்தார். நிலாமின் வாப்பா உங்களைத் தன்னுடைய வானில் தெஹிவளைக்குக் கொண்டுபோன பிறகு, அத்தான் உள்ளே போனது தன்னுடைய சேகரிப்பை எடுக்க அல்ல, அக்கா. அதில் ஒரு துண்டையும் அவர் தொடவில்லை. அது முழுதும் எரிந்தது. அவர் எடுத்தது இரவல் பொருட்களை. பின் மதிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஸ்ரூலில் ஏறி நின்ற நஸீறா. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, இது மயிலம்மாவின் தராசு, இது ரயில் கேற் காவல்காரரின் லாம்பு, இது பாண்காரப் பியதாசவின் சைக்கிள் மணி என்று பெயர் சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார். போதும் ஐயா, மதிலால் ஏறி வாங்க என்று நஸீறா அழுதிருக்கிறாள். ஆட்களின் சாமான், நான் பொறுப்பெடுத்த சாமான், இன்னும் ஒன்றுதான் என்று சொல்லித் திரும்பிப் போயிருக்கிறார். அந்தக் கடைசிப் பொருளையும் கொண்டுவந்து கொடுத்தார். அதே நேரம் முன் கேற் உடைகிற சத்தம் கேட்டது. நான் ஸ்ரூலில இருந்து இறங்கிட்டேன், கை நீட்டாம இறங்கிட்டேன் என்று நஸீறா என்னிடம் சொன்னாள். பதினைந்து வருஷமாக அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. அன்று படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனதும் அதனால்தான்.

நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு அத்தான் மீது கோபம் வந்தது. ஒரு தராசுக்கும் மணிக்குமா போய் நின்றீர் என்று அவர் கீறிய சுவருக்கு முன்னால் நின்று வாய்விட்டு ஏசினேன். உங்களுக்கு இன்னும் கூடக் கோபம் வரலாம். வரட்டும். ஆனால் எதற்காகப் போனார் என்று சரியாகத் தெரிந்துகொண்டு கோபப்படுங்கள்.

சார்ஜன் என்ன செய்தார் என்று சொல்ல மறந்துவிட்டேன். பெட்டிக்குள் இருந்த மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பியதாசவின் மணியில் அத்தான் சிங்களத்திலேயே எழுதியிருந்தார். அதைச் சார்ஜன் உரத்து வாசித்தார், திகதியையும் வாசித்தார். பிறகு என் அட்டையைத் திருப்பித் தந்தார். பொலிஸ் நிலையத்தையும் பாலத்தையும் மட்டும் கடதாசி ஒட்டி மறைக்கச் சொன்னார். போகும்போது வாசலில் இருந்த கொப்பியைக் கண்டு, தானும் பெயர், இலக்கம், நேரம் எல்லாம் ஒழுங்காகப் பதிந்துவிட்டுப் போனார். நிலாம் உடனே மண்ணிறக் கடதாசி வெட்டி ஒட்டினான். இப்போது எங்கள் வெள்ளவத்தையில் பொலிஸ் நிலையம் இல்லை, சனத்துக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் நூற்று அறுபத்து மூன்று பேர்! மயிலம்மாவின் மகள் கேள்விப்பட்டு மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். தராசைக் கையில் வாங்கினாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், இங்கேயே இருக்கட்டும் என்று தந்துவிட்டாள். இனி எப்போது திறப்பீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு அறுபது வயதாகப் போகிறது, நேற்றைய மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அத்தான் கடைசியாகக் கொண்டுவந்தது உங்களுடைய பொருள். தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வேலை செய்தபோது பேசவும் கேட்கவும் நீங்கள் தலையில் மாட்டுகிற அந்தக் கறுப்புக் கருவி, கழித்துவிட்டபோது கேட்டு வாங்கி வந்தீர்களே, அதுதான். தன் வீட்டுக்குள் இருந்த பொருளுக்கும் மனுசன் மட்டை கட்டியிருக்கிறார். "உரியவர்: திருமதி பத்மாவதி இராசரத்தினம். அவருடைய கையில் மட்டுமே திருப்பிக் கொடுக்கவும்." பட்டியலில் கடைசியாக எழுதியது அதுதானோ, வேறு காரணமோ, எனக்குத் தெரியாது. நான் அர்த்தம் சொல்ல வரவில்லை.

தபாலில் அனுப்பட்டுமா என்று நஸீறாவைக் கேட்டேன். கூடாது என்றாள். கண்ணாடிக்குள் வைப்போமா என்று நிலாம் கேட்டான். அதற்கும் விடவில்லை. ஐயா என் கையில தந்தது, நான் பத்மா அக்காவின் கையிலதான் குடுப்பேன் என்று திரும்பவும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்குகிற வருத்தம், மாடிப்படியே ஏறமாட்டாள், கனடாவுக்கு எப்படி வருவாள்?

அக்கா, இனி உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய மாட்டேன். நீங்கள் விற்கச் சொன்னால் அந்தக் கடதாசியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்று காலை கட்டுகிறவரிடம் போய் இன்னும் ஒரு மாதத் தவணை கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு தந்தார். ஆனால் அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். வந்து, அந்த அறையில் நின்று, அத்தானின் சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள். பதிவு, கிதிவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். விமான நிலையத்துக்கு நிலாம் வருவான். உங்களுக்கு மேல்வீடு ஏற முடியாது என்று கீழ் அறையை ஒதுக்கி, கட்டிலும் போட்டுவிட்டேன்.

பத்மா அக்கா வருவாவா என்று நஸீறா நேற்றிரவும் கேட்டாள், இன்று காலையும் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

பிள்ளையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
நேசம்